எல்லோர் நாக்கும் கறுத்திருந்த நாள்

காரில் ஏறும் முன்பே கைரூ அப்பாவிடம் சொல்லிவிட்டான்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம். சின்தோங்கிட்ட நாக்கை நீட்டுன்னு மட்டும் சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா அந்த நிமிஷமே எழுந்து போயிடுவேன். கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டேன், புத்தாண்டுக்கும் வீட்டுப் பக்கம் வர மாட்டேன்."

வெங் ஜிங்சாய் குடையை மடக்கி, கார்க் கதவில் தட்டி நீரை உதறினார். மூன்று தலைமுறையாக நாக்கைப் பார்த்து நோயைச் சொல்லும் குடும்பம் அவருடையது. யூயாவ் நகரில் வெங் வீட்டு வைத்தியசாலைக்குள் நுழைகிறவர் எவராக இருந்தாலும், வாய் திறந்து பேசுவதற்கு முன் வாய் திறந்து காட்ட வேண்டும். அப்படிப்பட்டவரிடம், வீட்டுக்கு வரப்போகிற பெண்ணின் வாயைப் பார்க்காதே என்று பெற்ற பிள்ளை நிபந்தனை போடுகிறான்.

"நான் எதுக்குடா கேட்கப் போறேன்?" என்றார். "சாப்பிடறதுக்கு அவளே வாயைத் திறந்துதானே ஆகணும்."

"அதுக்குத்தான் அவன் பயப்படறான்" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லிங்யூ. "நீங்க கண்ணாலேயே அடுத்தவங்க வாய்க்குள்ள போய் உட்கார்ந்துட்டு வர்ற ஆளாச்சே."

கைரூ சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நிங்போவில் கப்பல் கம்பெனி வேலை. நேரத்துக்குச் சாப்பாடு இல்லை என்று லிங்யூ ஓயாமல் புலம்புவாள்.

மகன் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. அது ஜிங்சாய்க்கும் தெரியும். முன்பு தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், அந்தப் பெண் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவள் நாக்கின் ஓரங்களில் நீலம் பாய்ந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். "ரத்தம் கட்டி நிக்குது. பிள்ளை தங்காது" என்று தம்பியின் காதில் சொன்னார். சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டு, முதல் பிரசவத்திலேயே இரட்டைப் பிள்ளை பெற்றாள். அதிலிருந்து சந்தையில் ஒரு கேலி புழங்க ஆரம்பித்தது. 'இன்னும் குழந்தை இல்லையா? வெங் வைத்தியரைக் கூப்பிட்டு உனக்குப் பிள்ளை தங்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, ரெட்டையாப் பிறக்கும்.' அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் அவரை எதிரில் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார்கள்.

இருந்தாலும் அவர் தன் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. வெங் வீட்டார் சொன்னதைத் திரும்பப் பெறுகிறவர்கள் இல்லை. பெற்றுக்கொள்கிற வீட்டுக்குக் குறையோடு ஆளை அனுப்புவதும், குறையைத் தெரிந்துகொண்டே மூடி வைப்பதும் அவர் அகராதியில் ஒரே குற்றம்தான்.

கார் மலைப்பாதையில் ஏறியது. இருபுறமும் யாங்மெய் மரங்கள். கருஞ்சிவப்புப் பழங்கள் இலைக்கு இலை தொங்கின. மூன்று நாளாக விடாத மழை. பறிப்பு இல்லை என்பதால்தான் பெண் வீட்டார் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஜிங்சாய்க்கு இந்தப் பழம் என்றாலே ஆகாது. பழக்காலம் வந்துவிட்டால் போதும், ஊரில் ஒரு நாக்கையும் நம்ப முடியாது. ஒரு பழம் வாயில் போட்டால் நாக்கு மையில் தோய்த்தது போல் ஆகிவிடும். சாயத்துக்கு அடியில் நாக்கில் படிந்திருக்கும் மாவு வெள்ளையா மஞ்சளா, தடிப்பா மெல்லிசா, ஒன்றும் தெரியாது. 'காலையில் நாக்கை வழிக்காதீர்கள், தேநீரும் காபியும் யாங்மெய்யும் சாப்பிட்டு வராதீர்கள்' என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார். அப்படியும் சாப்பிட்டு வருகிறவர்களை வந்த வழியே திருப்பி அனுப்புவார்.

பெண் வீட்டு வாசலில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சின்தோங்கின் அப்பா லோவ் கென்ஃபா, பழத்தோட்டக்காரர், கழுத்து வரை வெயிலில் கருத்தவர். அம்மா யாஃபெங், கட்டையான, குரல் பெருத்த பெண்மணி. நடுவில் சின்தோங்.

"வாங்க வாங்க, வைத்தியரே! மழையில வந்துட்டீங்க" என்று கென்ஃபா வாய் நிறையச் சிரித்தார்.

வாய் முழுக்கக் கறுப்பு.

யாஃபெங் சிரித்தாள். கறுப்பு. சின்தோங் கைகூப்புவது போலக் குனிந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றாள். பல்லிடுக்கு வரை ஊதா. உள்ளே மேஜை மேல் ஒரு பெரிய மூங்கில் தட்டு நிறைய யாங்மெய், பாதி காலி.

ஜிங்சாயின் வலதுகைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பித்தது. ஒரு நோயாளி பொய் சொல்கிறான் என்று தெரிந்தால் அப்படித் தேய்ப்பார். மூன்று பேரும் விருந்தாளி வருவதற்கு முன்பே பழத்தை மென்று வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும்.

உட்கார்ந்ததும் கைரூ தட்டுக்குக் கை நீட்டினான். அவனும் இரண்டு பழங்களை வாயில் போட்டுக்கொண்டான்.

"எடுத்துக்குங்க சம்பந்தி" என்றாள் யாஃபெங். "உப்புத் தண்ணியில போட்டு வச்சதுதான். புழு கிழு எதுவும் இருக்காது."

"நான் சாப்பிடறதில்ல."

"யூயாவ்ல பொறந்துட்டு யாங்மெய் சாப்பிடாத ஆளா!" என்றார் கென்ஃபா. "அப்ப இந்த மாசம் பூரா நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"ஊர்ல எல்லாரையும் திட்டுவாரு" என்றாள் லிங்யூ, ஒரு பழத்தை எடுத்தபடி. அவளும் கறுத்துப் போனாள்.

வெளியே மழை, உள்ளே மஞ்சள் விளக்கு. நாக்கைப் பார்க்க இதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது. ஜிங்சாய் நாற்காலியைச் சன்னல் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். லிங்யூ மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள்.

பெண்ணுக்கு என்ன குறை? முகத்தில் ரத்த ஓட்டம் இருக்கிறது. குரல் கணீரென்று இருக்கிறது. நகம் வெளுக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே எங்கோ இருக்கிறது. ஈரல்? நுரையீரல்? அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றால் சின்ன விஷயம் இல்லை. பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம். அவர் கென்ஃபாவின் கண் வெள்ளையைப் பார்த்தார். யாஃபெங்கின் கழுத்தைப் பார்த்தார். உட்காரவே முடியவில்லை அவருக்கு.

"சூடா ஒரு கிண்ணம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டார். "பொண்ணும் ஒரு வாய் குடிக்கட்டும். புளிப்பு சாப்பிட்டா தொண்டை கட்டும்."

சின்தோங் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மாமா, கொப்பளிச்சா போகாது. எங்க வீட்டுல இந்த மாசம் யாருக்கும் நாக்கே கிடையாது. எல்லாருக்கும் மைக்கூடுதான்."

கென்ஃபா தொடையில் தட்டிச் சிரித்தார். கைரூ அப்பாவைப் பார்த்த பார்வையில் எச்சரிக்கை இருந்தது. ஜிங்சாய் வெந்நீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டினார்.

சாப்பாடு வந்தது. உப்புக்கீரையோடு வேகவைத்த மஞ்சள் மீன், மூங்கில் குருத்து, கொழுப்புப் பன்றிக்கறி, உப்பில் ஊறிய நண்டு. கைரூவுக்கு மட்டும் யாஃபெங் தனியாக ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். குழைந்த அரிசிக் கஞ்சி.

"இவனுக்கு எதுக்குக் கஞ்சி?" என்றார் ஜிங்சாய்.

"காலையில இருந்து கார் ஓட்டியிருக்கான்ல" என்றாள் யாஃபெங் சட்டென்று. "வயித்துக்கு இதமா இருக்கட்டும்னுதான்."

கென்ஃபா யாங்மெய் ஊறிய சாராயத்தை எல்லோருக்கும் ஊற்றினார். கைரூவின் கோப்பையைத் தாண்டிப் போனார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஜிங்சாய் நினைத்தார். அவர் கண் சின்தோங்கின் உதட்டிலேயே இருந்தது. மீன் துண்டை வாயில் வைக்கிறாள். நாக்கு நுனி தெரிகிறது. கறுப்பு. மறுபடி கறுப்பு.

பேச்சு தேதிக்கு வந்தது. இலையுதிர்காலத்தில் வைத்துக்கொள்ளலாம், பழவேலை முடிந்திருக்கும் என்றார் கென்ஃபா. லிங்யூ சரி என்றாள். எல்லோரும் ஜிங்சாயைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினால் முடிந்தது.

தலையை ஆட்ட முடியவில்லை. ஒரு குடும்பமே மையைப் பூசிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. இதற்குச் சம்மதம் சொன்னால் வெங் வீட்டுப் பெயரை என்னவென்று சொல்வது? பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜையின் மேல் ஓட்டினார். அப்போதுதான் கொட்டைக் கிண்ணங்கள் கண்ணில் பட்டன.

ஒவ்வொருவர் முன்னாலும் கொட்டை துப்ப ஒரு சின்னக் கிண்ணம். கென்ஃபாவின் கிண்ணத்தில் கொட்டைகள் உறிஞ்சி உறிஞ்சி மரப்பொத்தான் போலச் சுத்தமாகக் கிடந்தன. யாஃபெங்கின் கிண்ணமும் அப்படித்தான். சின்தோங்கும் ஒரு நார் விடாமல் சாப்பிட்டிருந்தாள். லிங்யூவும்.

கைரூவின் கிண்ணத்தில் மட்டும் சதை அப்படியே இருந்தது. சிவப்புச் சக்கையாக, கசங்கி, சாறு ஒழுகிக்கொண்டு. இவன் பழத்தைத் தின்னவில்லை. வாயில் போட்டு ஒதுக்கி, நாக்கில் தேய்த்துவிட்டு, துப்பியிருக்கிறான்.

சின்ன வயதில் இதே பையன் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டு அடி வாங்கியிருக்கிறான்.

ஜிங்சாயின் விரல் தேய்ப்பதை நிறுத்தியது. போன புத்தாண்டுக்கு இவன் வந்தபோது கையில் காபி டம்ளர். நாக்கு பழுப்பு. 'கண்ட சனியனையும் குடிக்கிறான்' என்று அவரே திட்டினார். வசந்தத்தில் முன்னோர் கல்லறை கும்பிட வந்தபோது பச்சை மாவுருண்டையைத் தின்றுகொண்டே வாசலில் இறங்கினான். அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் வரவே இல்லை. கம்பெனி வேலையாக வெளியூர் என்று போனில் சொன்னான். அதில் எதுவும் தற்செயல் இல்லை. வைத்தியர் வீட்டுப் பிள்ளை. எது எந்த நிறம் ஏற்றும், அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

அவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது.

"கைரூ. வாசலுக்கு வா."

"அப்பா..."

"பொண்ணை நான் கேட்கல. உன்னைத்தான் கேட்கிறேன். வா."

சமையலறையில் கிடந்த துணியை எடுத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் தோய்த்துப் பிழிந்துகொண்டு அவர் முன்னால் நடந்தார். தாழ்வாரத்தில் மழை வெளிச்சம் சாம்பலாக, ஆனால் நேராக விழுந்தது. அந்த வெளிச்சம் போதும். கைரூ வந்து நின்றான். முப்பது வயது ஆள், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

துணியைச் சுற்றிய விரலால் ஜிங்சாய் ஒரு தடவை துடைத்தார். சாயம் துணிக்கு வந்தது. இன்னொரு தடவை துடைத்தார். சாயம் போகும், நாக்கின் சொந்த மாவு போகாது. இதை எத்தனையோ பேருக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

போவதற்கு மாவே இல்லை. நடுநாக்கு வழித்தெடுத்தது போல் வெறுமையாக, தோல் உரித்த இறைச்சி போலச் சிவந்து, பளபளவென்று இருந்தது.

"எப்ப இருந்து?"

"போன வருஷம் இலையுதிர்காலத்துல. இரைப்பையில புண்ணு ஓட்டை விழுந்துடுச்சு. பாதியை வெட்டி எடுத்துட்டாங்க."

"வெளியூர்னு சொன்னியே."

"ஆஸ்பத்திரியும் வெளியூர்தானேப்பா" என்றான் கைரூ. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "உங்ககிட்ட சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? குறையுள்ள பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன்னு இந்தச் சம்பந்தத்தை வெட்டியிருப்பீங்க. உங்களுக்கு உங்க வார்த்தைதான் பெருசு."

ஜிங்சாய் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு உள்ளே போய், கென்ஃபாவுக்கும் யாஃபெங்குக்கும் முன்னால் முதுகு வளையாமல் நின்றார். அவன் என்ன சொன்னானோ அதையே செய்தார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம். உங்க பொண்ணு மேல எந்தக் குறையும் இல்ல. குறை எங்க வீட்டுல. என் மகன் அதை மறைச்சிருக்கான். தகப்பன்ங்கிற முறையில நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

லிங்யூ எழுந்துவிட்டாள். "என்னங்க? என்ன சொல்றீங்க? கைரூவுக்கு என்ன?"

யாஃபெங் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் டக்கென்று வைத்தாள்.

"உட்காருங்க வைத்தியரே."

"நான் சொல்றது..."

"உட்காருங்கன்னேன். யாருகிட்ட எதை மறைச்சான்? எங்ககிட்டயா? அவன் வாந்தியில ரத்தமா எடுத்தப்ப பாத்திரம் பிடிச்சது யாரு? இதோ என் பொண்ணுதான். ஆஸ்பத்திரியில ராத்திரியும் பகலும் யாரு கிடந்தா? நான். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் வாரா வாரம் நிங்போவுக்குக் கஞ்சிப் பானையைத் தூக்கிட்டு பஸ் ஏறுறேன். உங்களுக்குத் தெரியாதுங்கிறதுக்காக எங்களுக்கும் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

லிங்யூ மகனிடம் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இந்தப் பழம்..." என்றார் ஜிங்சாய்.

"ஒருத்தன் நாக்கு மட்டும் கறுத்திருந்தா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு இவ சொன்னா" என்றார் கென்ஃபா, மகளைக் காட்டி. "எல்லாருமே கறுத்துட்டா உங்க பார்வை பொண்ணு மேலதான் நிக்கும், பையன் பக்கம் போகாதுன்னா. காலையில விடிஞ்சதுல இருந்து தின்னுட்டே இருக்கோம். பல்லெல்லாம் கூசி, எனக்கு இந்தப் பன்றிக்கறியைக் கூடக் கடிக்க முடியல. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது."

"மாமா" என்றாள் சின்தோங். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "என்னைக் குறையுள்ளவள்னு நினைச்சுக்கிட்டு நீங்க உட்கார்ந்திருந்தீங்க. பரவாயில்ல. அதுக்காகத்தான் சாப்பிட்டேன். ஆனா இவரை அப்படிச் சொல்லாதீங்க. இவர் என்னன்னு தெரிஞ்சுதான் நான் கேட்கிறேன். நீங்க கொடுக்க மாட்டேன்னா, யாரோட மானத்துக்காகக் கொடுக்க மாட்டீங்க?"

ஜிங்சாய் நின்றுகொண்டே இருந்தார். கை தானாகவே பிழிந்த துணியை இன்னும் பிழிந்துகொண்டிருந்தது. கறுப்புச் சாயம் அவர் விரலிடுக்கில் இறங்கி, சட்டைக் கையில் சொட்டியது.

பிறகு திரும்பினார்.

"கைரூ. இன்னொரு தடவை."

"எதுக்குப்பா?"

"பாதிதான் பார்த்தேன். வேரைப் பார்க்கல. கோபத்துல அவசரப்பட்டுட்டேன்."

அவர் அவசரப்பட்டார் என்று அவர் வாயாலேயே யாரும் கேட்டதில்லை. லிங்யூ கணவனையே பார்த்தாள்.

மறுபடி தாழ்வாரம். இந்தத் தடவை எல்லோரும் பின்னால் வந்தார்கள். கைரூ நாக்கை நன்றாக வெளியே நீட்டினான். ஜிங்சாய் குனிந்து அடிநாக்கு வரை பார்த்தார். அந்த மலைநாட்டில் நாக்கின் மாவைப் பாசி என்று சொல்வார்கள். மண்ணில் ஈரம் இருந்தால் பாசி பிடிக்கும். இரைப்பையில் உயிர் இருந்தால் நாக்கிலும் பிடிக்கும். நடுவில் வறண்ட சிவப்பு. ஆனால் பின்னால், தொண்டைக்குப் பக்கத்தில், காலைப் பனி படிந்த மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக, கொஞ்சம். ஓரங்களில் இன்னும் கொஞ்சம். துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

புதிதாகப் பிடிக்கிறது.

அவர் யாஃபெங் பக்கம் திரும்பினார். "கஞ்சியில என்ன போடறீங்க?"

"என்ன போடறது? அரிசி. மலைக்கிழங்கு. கொஞ்சம் தாமரை விதை. வேற என்ன, எங்களுக்கு என்ன தெரியும்."

"அல்லிக் கிழங்கு இருந்தா அதையும் ஒரு பிடி போடுங்க. ஈரம் பிடிக்கும்" என்றார். பிறகு, "இனிமே நிங்போவுக்கு நானும் வர்றேன். பானையை நான் தூக்கறேன்" என்றார்.

யாஃபெங் மூக்கை உறிஞ்சினாள். "பஸ்ல உங்களுக்கு வாந்தி வருமாமே."

"வரட்டும்."

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கென்ஃபா மறுபடி தேதியைப் பற்றிப் பேசவில்லை. இலையுதிர்காலம் என்பது முடிவானது போலவே சாராயத்தை ஊற்றினார். ஜிங்சாய் மகனுக்கு முன்னாலிருந்த யாங்மெய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு வேண்டாம். இந்தப் புளிப்பு உன் வயித்துக்கு ஆகாது. வாயில கூட வைக்காதே. சக்கையைத் துப்பினாலும் சாறு உள்ள போயிருக்கும். எத்தனை தின்னே?"

"ஆறோ ஏழோ."

"முட்டாள்."

அவர் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. புளிப்பு பல்லில் ஏறியது. உறிஞ்சி உறிஞ்சிக் கொட்டையைச் சுத்தமாக்கித் துப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"இப்ப நீங்க காட்டுங்க பார்ப்போம்" என்றாள் லிங்யூ.

அவர் காட்டவில்லை. மென்றுகொண்டே, கஞ்சியைக் குடிக்கும் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் வாய் திறந்தது, மூடியது. ஒவ்வொரு தடவையும் அவர் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார். இந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும், அந்த வெள்ளைப் பனி இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.